ஒரு ஸ்லாட் காலி

1

இந்தக் கதை கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்குக் கிடைத்தது. 2009, ஆவணி மாதம். எப்படிக் கிடைத்தது என்பது எங்கள் குடும்ப விஷயம். அதனால் குச்சனூர் சீனிச்சாமி என்று ஒருவரை உண்டாக்கி, எல்லாவற்றையும் அவர் தலையில் வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: மகள் வேல்விழியின் கல்யாணச் சீரில் நான் ஒரு லேப்டாப்பையும் –

அடித்துவிட்டேன். வைத்தவர் சீனிச்சாமி. வெள்ளிக் குத்துவிளக்கின் பக்கத்தில், சபையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

2

மூன்று வருடம் கழித்து அந்த லேப்டாப் திணறியது. வேல்விழி தன் ஆய்வேட்டைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடும். ராம் என்கிற நினைவகத் தகட்டைக் கூட்டினால் சரியாகும் என்று மருமகன் திலீபன் ஒன்று வாங்கி வந்தார். செய்தி குச்சனூருக்கு எட்டியது.

சீரில் குறை தெரிந்தால் கொடுத்த வீடுதான் அதைச் சரிசெய்ய வேண்டும்.* சீனிச்சாமி தேனிக்குப் போய் அதே அளவில் இன்னொரு ராம் வாங்கினார். அங்கிருந்தே மகள் வீடு இருக்கும் கம்பத்துக்குப் பஸ் ஏறினார்.

* இதை வாசகர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சீனிச்சாமியிடம் வாதாட வேண்டாம், அவ்வளவுதான்.

3

மாமனாரும் மருமகனும் எதிரே நிற்க, கடைக்காரர் மாரிசெல்வம் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார்.

(இங்கே சீனிச்சாமி கோபமாக இருக்க வேண்டும். அவரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிகிறார். நான் தடுக்கவில்லை, எனக்கும் பார்க்க வேண்டும்.)

விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. ஓரத்தில் பொன்னிறப் பற்கள்.

"இதுதான் பழசாப்பா? எழுதுனது எல்லாம் இதுலதான் இருக்கோ?"

"இல்லங்கய்யா. வேலை ஓடுற வரைக்கும் புடிச்சு வச்சிருக்கும். ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் இருக்காது. பக்கத்துல பாருங்க, ஒரு ஸ்லாட் காலி."

"அப்ப நாங்க குடுக்கையிலயே பாதி காலியாத்தான் குடுத்தமா?"

"எல்லாக் கம்பெனிக்காரனும் அப்படித்தாங்கய்யா விக்கிறான்."

காலி இடம் ஒன்று. மாட்ட வந்த ராம் இரண்டு.

"இதுக்குப் போயி நீங்க அலையணுமா மாமா? இங்கன நான் இருக்கேன்ல," என்றார் திலீபன்.

"நீங்க இருக்கீக மாப்ள. அதுனாலதான் வந்தேன்."

"ரெண்டையும் போட்றலாம்," என்றார் மாரிசெல்வம். "பழசக் கழட்டிட்டா எடம் வந்துரும்."

சபையில் வைத்த பொருளின் உள்ளே இருந்ததைக் கழற்றுவதா? குனிந்திருந்த சீனிச்சாமி நிமிர்ந்தார்.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மாமனாருடையதை மாட்டினால் திலீபன், தான் வாங்கியதைத் தானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். மருமகனுடையதை மாட்டினால், பாதிச் சாமான் கொடுத்து அனுப்பிய வீடு என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். இரண்டையும் மாட்டினால் –

அப்போதுதான், நான் ஒரு வசனமும் கொடுக்காமல் கடையில் ஓரமாக உட்காரவைத்திருந்த வேல்விழி எழுந்து வந்தாள்.

"திங்கக்கிழமை ஆய்வேடு குடுக்கணும். ஓட வேண்டியது எனக்கு. எங்கிட்ட யாராச்சும் கேட்டீகளா? ரெண்டையும் இங்க குடுங்க. எப்படி மாட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

ஒரு கையை அப்பாவிடமும் மறு கையைக் கணவனிடமும் நீட்டினாள். இந்த வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இருவரும் கொடுத்துவிட்டார்கள்.

5

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அவள் எதை மாட்டினாள் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். குறுக்கே நிற்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழைய தகட்டை அவள் கழற்றியிருந்தால், அதைக் கடைக்காரரின் குப்பைக்கூடையில் போட்டதாக எழுதிவிடாதீர்கள்.

அது எங்கள் வீட்டிலிருந்து போனது.