லென்ஸில் பூஞ்சை

சஜ்ஜாத் எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் தேநீர் போட்டுக் குடித்தான். குளித்து, சட்டையை மாட்டி, வீட்டைப் பூட்டினான். ஏலக்காய்க் கடைக்குப் போகிற வழியில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தான்.

அவன் மனைவி ஹசீனா எடுத்த படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தான். குரங்கணி மலைக்கு மேலே எடுத்தது. மறுநாள் விடிந்து மலையிறங்கும்போது ஜீப்பிலேயே அவள் உயிர் போய்விட்டது.

வடக்கு வானில், சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரம் ஒன்றின் அருகே ஒரு விண்மீன் பேரடை, கோடிக்கணக்கான சூரியன்களின் கூட்டம். நடுவில் தண்டு மாதிரி ஒரு பட்டை, அதன் இரண்டு முனையிலிருந்தும் சுருண்டு போகிற கைகள். ஹசீனா இயற்பியல் படித்தவள். பல வருடம் முயன்று, ஒரே ஒரு படத்தில்தான் அது அவளுக்குச் சிக்கியது.

"பாருங்க தம்பி, பளிங்கு கணக்கா இருக்கு" என்றார் ஸ்டுடியோக்காரர் கண்ணுச்சாமி.

நட்சத்திரம் இருந்தது. பக்கத்தில் வெறும் கறுப்பு.

"இங்க ஒண்ணு இருந்துச்சேண்ணே."

"அந்தப் பூஞ்சையா? சுத்தமாத் தொடச்சு எடுத்துட்டேன்ல."

ஏலத்தோட்டத்து ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத லென்ஸ் கிடையாது. கல்யாணப் படங்களில் அந்த மங்கலைத் துடைப்பது அவருக்கு அன்றாட வேலை.

"அது பூஞ்சையில்லண்ணே. அதுக்காகத்தான் படமே எடுத்தது. அத்தனையும் சூரியன்."

கண்ணுச்சாமி சிரிக்கப் போனார். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அட ஆத்தா, சூரியனையா தொடச்சேன்?"

"என் மெமரி கார்டு எங்கண்ணே? அதுல இருக்கும்ல?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரே மாதிரி கறுப்புக் கார்டுகள் குவிந்து கிடந்தன. "நேத்து ஒரு காதுகுத்துக்கு அவசரமா ஒண்ணை அழிச்சுட்டு எடுத்துட்டுப் போனேன். அது உங்களுதா இருக்காது… இருக்கக் கூடாது."

ஒவ்வொன்றாகச் செருகினார். மணப்பெண். அழுகிற குழந்தை. மாலை போட்ட கிடா. ஹசீனாவின் படம் அழிந்திருந்தால் வேறு பிரதி இல்லை. அடுத்தது திறக்கவில்லை, கழற்றி, ஊதி, மறுபடி செருகினார்.

திரை கறுத்தது. பிறகு நட்சத்திரங்கள். பெரிதாக்கினார். நகத்தளவு மங்கல், நடுவில் ஒரு பட்டை.

சஜ்ஜாத் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தப்பிச்சேன்யா" என்றார் கண்ணுச்சாமி. கார்டைக் கழற்றி அவனிடம் நீட்டியபடி, "தங்கச்சி போறப்ப ஏதும் சொல்லுச்சா?" என்று கேட்டார்.

எல்லோரும் கேட்டதுதான். உயிர் போகும்போது சொல்லும் கலிமாவைச் சொன்னாளா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டியிருந்தான். இவரிடம் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, நெஞ்சைப் பிடித்தபடி அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"கேமராவ மடியில வச்சுக்கங்க. கீழ வச்சா ஆடும்."