பக்கத்துக் கட்டிலுக்குப் போன மெஷின்

மாரத்தான் ஓடி முடித்த கணவரை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை நீட்டிப் படுத்து டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறாள். இப்படி லீவு போட்டுப் போட்டே மூக்குக்கண்ணாடிக் கடை வேலை போய்விடும் போலிருந்தது. மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், இலவசமாகத் தருகிறோம் என்றது ஓர் அறக்கட்டளை. ஒரே நிபந்தனை, வீட்டு ஆள் ஒருவர் வகுப்புக்கு வந்து ஊசி குத்தவும் மெஷினைக் கவனிக்கவும் பழக வேண்டும்.

வீட்டு ஆள் என்றால் அவர்தான். லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் தொங்கிக்கொண்டு கம்பி மாற்றுகிற மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அவள் நினைத்தாள். அவரோ அதே வாரம் புது ஷூவோடு வந்து நின்றார்.

"அந்த அறக்கட்டளைக்குப் பணம் சேக்க மாரத்தான் ஓடப்போறேன். எல்லாம் உனக்காகத்தான்."

விடிந்தால் ஓட்டம், சாயங்காலம் முட்டிக்குத் தைலம். வகுப்பைப் பற்றிக் கேட்டால், "ஓட்டம் முடியட்டும்மா." போதாக்குறைக்கு நாத்தனார் வேறு, "எங்கண்ணன் மாதிரி புருஷன் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் அண்ணி" என்றாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஓட்டம் முடிந்தது. பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தில் வாங்கிய மெஷின் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் அக்கா வீட்டுக்குப் போனது. அக்காவின் மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லா வகுப்புக்கும் வந்திருந்தாள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வயிறு எரிந்தது.

"விடு, அடுத்த வருஷமும் ஓடறேன். உனக்குன்னு ஒண்ணு வாங்காம ஓயமாட்டேன்" என்றார் அவர்.

"மெஷின் இல்லன்னு யாருங்க சொன்னா? கூட ஆள் இல்லன்னுதான் எனக்குக் குடுக்கல. உங்களுக்கு என்னதான் பிரச்சினை? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

அவர் குனிந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "உன் கையில ஊசி எறங்கறத என்னால பாக்க முடியல. நான் குத்தி ஏதாவது ஆயிட்டா?"

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆறு மாசம்! பரிதாபமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. மறுநாளே அடுத்த வகுப்பு இருந்தது. அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஊசிய நானே குத்திக்கிறேன், சொல்லிக் குடுங்க சிஸ்டர். இவரு மெஷினப் பாத்துக்கட்டும்."

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"சார், மெஷின் இந்தப் பக்கம் இருக்கு" என்றாள் நர்ஸ்.

நர்ஸ் காட்டிய இடத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். ஊசி சரியாக இறங்கவில்லை. "அம்மா!" என்று அலறிவிட்டாள். அந்தச் சத்தத்தில் அவர் திரும்பினார். முகம் வெளுத்துப்போயிருந்தது. நர்ஸ் நீட்டிய பஞ்சை வாங்கி, கசிந்த ரத்தத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை.

இவ்வளவுதானே நான் கேட்டேன் என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.