மறுக்கப்பட்ட மனுவில் ஒரு பெயர்

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காதில் விழுந்து வந்ததல்ல, விரல் வழியாக வந்தது. அலபாமாவில், ஹாலோவெல் நகரத்தில் இருந்த மத்திய அரசின் ஃபெடரல் நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சராக இருந்தேன். நீதிபதிகள் கையால் எழுதித் தருவதைச் சுத்தமாக அடித்துக் கொடுப்பது என் வேலை. அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது, எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். 1988 அக்டோபரில் ஒரு நாள் அர்த்தத்தைப் பார்த்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பேராசிரியர் ஹோசியா பெட்வே தம் நீண்ட பொதுவாழ்வில் எண்ணற்ற” — நிறுத்திவிட்டேன். இது இரங்கல் கூட்டத்தில் வாசிப்பது.

இரண்டாவது: “அன்று ஆற்றில் தண்ணீர்” — இதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். அன்று நான் ஆற்றங்கரையில் இல்லை. இந்தக் கதையைச் சொல்ல இருக்கிறவர்கள் யாருமே அங்கே இல்லை. சிக்கலே அதுதான்.

2

பெட்வேயின் அப்பா மரம் வெட்டும் கூலி. மாநிலத்துச் சட்டக் கல்லூரி கறுப்பு மாணவனைச் சேர்க்காது; வடக்கே எங்கேயாவது போய்ப் படி, செலவைத் தருகிறோம் என்று மரியாதையாகக் கடிதம் எழுதியது. போனார், படித்தார், திரும்பி வந்தார். திரும்பி வருவார் என்று அவர்கள் நினைக்கவில்லை.

காலையில் கறுப்பர் கல்லூரியில் சட்டம் நடத்துவார். மதியம் கோட்டில் சுண்ணாம்புத் தூளோடு வக்கீலாக நீதிமன்றத்துக்கு வருவார். பள்ளிக்கூட வழக்கு, ஓட்டு வழக்கு, வேலை வழக்கு. வென்றதைவிடத் தோற்றது அதிகம்.

(நான் நடுநிலையானவள் அல்ல. எங்கள் கட்டடத்தில் துடைப்பம் பிடிக்காத வேலைக்கு வந்த முதல் கறுப்புப் பெண் நான். அந்தக் கதவைத் திறந்தது அவருடைய வேலை வழக்குகளில் ஒன்று. ஆகவே அவரைப் பற்றி நான் நல்லது சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.)

3

வகுப்பில் அவர் வருடாவருடம் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. நீச்சல் குள வழக்கு.

ஹாலோவெல் நகராட்சிக் குளத்தில் கறுப்பர்கள் இறங்கக் கூடாது. ஒசெல்லா க்ரென்ஷா என்ற பெண், தன் மகளுக்காக வழக்குப் போட்டார். பெட்வே வாதாடினார். 1965 வசந்தத்தில் தீர்ப்பு: குளம் எல்லோருக்கும் பொது. மறுவாரம் நகராட்சி பதினோரு லாரி மண்ணைக் கொண்டுவந்து குளத்தை மூடியது. மேலே புல் போட்டது.

“சட்டத்த ஜெயிச்சோம், தண்ணியத் தோத்தோம்,” என்பார் பெட்வே. லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தை வாயால் செய்துகாட்டுவார். வகுப்பு சிரிக்கும். இருபது வருடமாக அதே இடத்தில் சிரித்தது.

அவர் சொல்லாதது ஒன்று இருந்தது. ஒசெல்லாவுக்கு ஒரு மகனும் இருந்தான். 1963 ஜூலையில் ஆற்றில் மூழ்கிப் போனான். குளம் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த ஆறுதான். அந்த நேரத்தில் ஒசெல்லா நகராட்சிக் குளத்தின் கரையில், தான் வேலைபார்த்த வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத் துண்டு பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒசெல்லா சாட்சிக் கூண்டில் ஏறும் முன் பெட்வே அவரிடம் சொன்னார்: “பையனப் பத்தி வாயத் தொறக்காதீங்க. ஒம்பது வயசுப் புள்ளைய ஆத்துக்கு விட்ட அம்மாவான்னு கேப்பாங்க. கேஸ் உங்க மேல திரும்பிரும்.”

ஒசெல்லா வாயைத் திறக்கவில்லை. கூண்டில் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வீட்டிலும்.

4

அதனால்தான் ஒசெல்லாவின் தங்கை மகள் கார்லெட்டாவுக்கு எதுவும் தெரியாது. சட்டம் படிக்கச் சேர்ந்த பெண். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், “பெரியம்மா, உங்க கேஸ எங்க புரொபசர் என்னமா சொல்றாரு தெரியுமா,” என்று லாரிச் சத்தத்தோடு செய்துகாட்டினாள். சிரித்தது அவள் மட்டும்தான்.

அடுத்த வகுப்புக்கு ஒசெல்லா வந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெட்வே எழுந்துபோய் வணங்கி, “பசங்களா, இவங்கதான் அந்த கேஸே. மிஸ் ஒசெல்லா க்ரென்ஷா,” என்றார். கைதட்டல் ஓயும்வரை ஒசெல்லா காத்திருந்தார்.

“கேஸு முடிஞ்சிருச்சா, லாயர் பெட்வே?”

“முடிஞ்சு இருபத்துமூணு வருஷம் ஆச்சே, மேடம்.”

“அப்ப இனிமே சொல்லலாமா?”

“எதைங்க?”

“எம்புள்ள பேர. சொல்லாதேன்னீங்க, சொல்லல. எப்பத்துலேருந்து சொல்லலாம்னு நீங்க சொல்லவே இல்லையே. நானும் காத்துக்கிட்டே இருக்கேன்.”

பெட்வே சாக்பீஸைக் கீழே வைத்தார். ஒசெல்லாவே சொன்னார்:

“ஆம்ப்ரோஸ். ஆம்பின்னு கூப்புடுவோம். எந்நேரமும் ஐஸ் கட்டிய மென்னுகிட்டே இருப்பான். பல்லு போயிரும்டான்னு திட்டுவேன்.” பிறகு, “நீங்க கதைய நல்லாத்தான் சொல்றீங்க. அவன் அதுல இல்ல, அவ்வளவுதான்,” என்றார்.

5

இங்கே எனக்குப் பெட்வே மேல் சந்தேகம் வந்தது. என் முந்தைய பிரதியில் அவர் கண்ணீர் விட்டார். அடித்துவிட்டேன், ஏனென்றால் விடவில்லை. “என்ன செஞ்சேன் தெரியுமா?” என்று பின்னால் என்னிடம் அவரே சொன்னார். “அன்னிக்கு நான் சொன்ன யோசனை சரியான யோசனைன்னு அந்தம்மாகிட்ட விளக்கினேன். பத்து நிமிஷம். வக்கீல் புத்தி.” அந்த யோசனை சரியானதுதான். அதனால்தான் அவருக்கு அத்தனை நாள் தூக்கம் கெட்டது. தப்பான யோசனை என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அவர் ஒரு காரியம் செய்தார். முடிந்துபோன வழக்கின் பதிவில் ஒரு வரியைச் சேர்க்கும்படி மனு எழுதினார். அப்படிச் சேர்க்கச் சட்டத்தில் இடமே இல்லை. வருடாவருடம் மாணவர்களுக்கு அதை நடத்துபவரே அவர்தான்.

அவர் மனைவி ஐனஸ் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஜட்ஜு கோர்ட் நேரத்த வீணாக்குறவங்கள உரிச்சு உப்புத் தடவுறவரு. ரிட்டயர் ஆகற நேரத்துல இதெல்லாம் செஞ்சு பேர் வாங்கணுமா உனக்கு?”

“பேர் வாங்கத்தான் போறேன், ஐனஸ்.”

6

இனி என் பகுதி. இதற்கு மட்டும் நான் சாட்சி.

நீதிபதி வெள்ளைக்காரர், வறண்ட மனிதர், பணிக்கு வந்து நான்கு வருடம். (பெயர் வேண்டாம். அவர் அன்று செய்தது நல்லதா, வெறும் ஒழுங்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) காலையில் அவரிடமிருந்து ஒரு தாள் வந்தது. ஒரே வரி: “மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.” இயந்திரத்தில் காகிதத்தைச் செருகினேன். தொலைபேசி அடித்தது. நீதிபதிதான்.

“அத இன்னும் அடிக்கலையே?”

“இல்லைங்க.”

“திருப்பி அனுப்புங்க.”

மதியம் இரண்டு தாள் வந்தது. அடித்தல் திருத்தல் நிறைய. இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று ஒரு தாள் முழுக்கச் சட்டம். பிறகு இது: “எதை மறுக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை. ஒசெல்லா க்ரென்ஷாவின் மகன், ஒன்பது வயது ஆம்ப்ரோஸ் க்ரென்ஷா, 1963 ஜூலை 19 அன்று, நகராட்சிக் குளத்தில் அனுமதிக்கப்படாத காரணத்தால் ஆற்றில் குளிக்கச் சென்று மூழ்கி இறந்தான் என்பதைப் பதிவில் சேர்க்கும் கோரிக்கை மறுக்கப்படுகிறது.”

சேர்க்க முடியாது என்ற உத்தரவு பதிவில் சேர்ந்தது. உத்தரவு எங்கே போனாலும் பையனும் கூடவே போவான்.

மூன்று முறை அடித்தேன். இரண்டு முறை “ஆம்ப்ரோஸ்” தப்பாக வந்தது. இருபத்தாறு வருடத்தில் நான் தப்பு செய்த நாட்கள் குறைவு.

7

முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்றில் ஒசெல்லா அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டுகிறார். அழகாக இருந்தது, அதனால் சந்தேகப்பட்டேன். இன்னொன்றில் அவர் பெட்வேயை மன்னிக்கிறார். அதை எழுதும்போது நான் பெட்வேக்காக எழுதிக்கொண்டிருந்தேன், முன்பே எச்சரித்தேனே. மூன்றாவதில் கோபப்பட்டு, “இதுக்கா இத்தன வருஷம்” என்று — அதுவும் பாதியில் நிற்கிறது.

எனக்கு உண்மையில் தெரிந்தது இவ்வளவு. பெட்வே உத்தரவை எடுத்துக்கொண்டு ஒசெல்லா வீட்டுக்குப் போனார். ஒசெல்லா சமையலறையில் பீச் பழத்துக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, கடைசி வார்த்தைவரை மெதுவாகப் படித்தார்.

“தோத்துட்டீங்களா, லாயர் பெட்வே?”

“தோத்துட்டேன், மேடம்.”

ஒசெல்லா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெட்வே உட்கார்ந்தார். அதற்கு மேல் அவர் என்னிடம் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கேட்க ஒசெல்லாவிடம் நானும் போகவில்லை.

அந்த நாற்காலிக்குப் பிறகு ஒசெல்லா என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் நான்கு வாக்கியம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். என்ன சொல்லக் கூடாது என்று அவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தது போதும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.