நோட்டீஸ் வாங்கிய கை

மதிய மணி அடித்ததும் வெளியே வந்த தங்கை, தையல் ஆலையின் வாசலில் அண்ணி நிற்பதைப் பார்த்தாள். அப்பா விட்டுப்போன வீட்டில் பாதி கேட்டு அண்ணன்மேல் அவள் வழக்குப் போட்டதிலிருந்து, ஐந்து வருடமாக அண்ணியோடும் பேச்சில்லை.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. தொடர்ந்து ஆறு வாய்தாவுக்கு அவள் தரப்பில் யாரும் வராததால் வழக்கை ஏன் தள்ளுபடி செய்யக்கூடாது என்று கேட்டு நீதிமன்றத்திலிருந்து தங்கை பெயருக்கு நோட்டீஸ் வந்ததாம். அந்த வீட்டிலிருந்து அண்ணன் அவளை வெளியே தள்ளிய பிறகும் வழக்கில் பழைய முகவரியே இருந்தது. அண்ணி தங்கை பெயரில் கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அண்ணன் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். போன வாரம் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது.

"சொல்லணும்னு தெனமும் நெனச்சேன். தைரியம் வரல."

தங்கை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வக்கீல் வீட்டுக்கு ஓடினாள். அவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகி ஒன்றரை வருடமாகியிருந்தது. அத்தனை நாளும் போனில் குமாஸ்தா அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்லிவந்தான்.

வேறொரு வக்கீலம்மா வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, இன்னும் வழி இருக்கிறது என்றார். "வக்கீல் படுத்துட்டாருன்னு மட்டும் சொன்னா, நோட்டீஸ் வாங்கியும் ஏன் வரலைன்னு கேப்பாங்க. நோட்டீஸ வாங்குனது நான்தான், அவளுக்குக் குடுக்கலைன்னு உங்க அண்ணி வந்து சொல்லட்டும். கேஸுக்கு உயிர் வந்துடும்."

அண்ணன் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத் தங்கை அந்த வீட்டுக்குப் போனாள். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டாள். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது.

"வந்து சொல்லிடலாம். சாயங்காலம் நான் எங்க போவேன்?"

தங்கை தன் விடுதி அறையை நினைத்தாள். நாலு கட்டில், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்.

"விடுங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வழக்கைத் திரும்ப எடுக்கக் கேட்டுப் போட்ட மனுவின் விசாரணையன்று, நோட்டீஸை வாங்கியது அவள் இல்லை என்பதற்குச் சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். வக்கீலம்மா திரும்பி அவளைப் பார்த்தார். இல்லை என்றாள். முகவரி மாறியதைக்கூடத் தெரிவிக்கவில்லையே என்றார் நீதிபதி. ஐந்து நிமிடத்தில் மனு தள்ளுபடியானது.

வெளியே தாழ்வாரத்தில் அண்ணன் வழிமறித்தான்.

"கேஸு போனது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு சொன்னா?"

"கோர்ட் ஆபீஸ்ல கேட்டேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை.