அரை டம்ளர் ஆயில்

"அக்கா, டார்ச்சை ஆட்டாதே. என் மூக்கையா ரிப்பேர் பண்ணப்போறேன்?"

காருக்கு அடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. வெளியே தெரிந்தவை முட்டிவரை இரண்டு கால்கள் மட்டும்தான். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து வெளிச்சத்தைச் சரியாகக் காட்டினாள்.

காலையில் டாக்டர் வந்து கணவரின் நாடியைப் பார்த்தார். பிறகு அவளை வாசல்வரை அழைத்துப்போய், "இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்மா. வலி இல்லாம பார்த்துக்கலாம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். சொல்ல வேண்டியவர்கள் என்றதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது ஒரே ஒருவன். எட்டு மாதமாக இந்த வீட்டுப் படி மிதிக்காத தம்பி. போனில் "வாடா" என்றாள், அவ்வளவுதான். அரை மணியில் வேனோடு வந்து நின்றான். வந்தவன் உள்ளே வரவில்லை. டூல்ஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நேராகக் காருக்கு அடியில் புகுந்துகொண்டான்.

சண்டையே அந்தக் காரால் வந்ததுதான். பதினெட்டு வயதான கார். அதன் புகைக்குழாயின் நடுவில் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா. புகையின் நஞ்சை முறித்து வெளியே அனுப்புவது அதன் வேலை. அது ஒரே வருடத்தில் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இரண்டு முறையும் தம்பிதான் தன் மெக்கானிக் ஷெட்டில் புதிது மாற்றினான். "டூப்ளிகேட் சாமானைப் போட்டு அக்கா வீட்டுலயே கைவைக்கிறான்" என்று கணவர் யாரிடமோ சொல்ல, அது தம்பி காதுக்குப் போக, பேச்சு அறுந்தது. மூன்றாவதைப் பெரிய ஷெட் ஒன்றில் போட்டார்கள். அதுவும் ஆறே மாதத்தில் மூச்சடைத்து, கார் மேடு ஏறமாட்டேன் என்று போர்ட்டிகோவில் படுத்துவிட்டது.

தம்பிமேல் தப்பில்லை என்று அன்றைக்கே கணவருக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல வாய் வரவேண்டுமே! முப்பது வருடம் கடைகடையாகத் தராசையும் படிக்கல்லையும் சோதித்த இன்ஸ்பெக்டர். அடுத்தவர் அளவு தப்பு என்று சொல்லித்தான் பழக்கம்.

அவர் போவதை அவளால் நிறுத்தமுடியாது. அதை ஒரு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டாள். போவதற்குள் இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

போர்ட்டிகோவைப் பார்த்த ஜன்னலை ஒட்டித்தான் அவர் கட்டில். அங்கிருந்து மெல்லிய குரல் வந்தது.

"உன் தம்பி என்ன பண்றான்?"

"நீங்களே கேளுங்களேன்."

"நீ கேட்டுச் சொல்லு."

ஜன்னலுக்கும் காருக்கும் நடுவே நாலடிகூட இல்லை. அவள் பெருமூச்சு விட்டாள்.

"டேய், என்ன பண்றேன்னு அத்தான் கேக்குறார்."

"நிழலா இருக்கு, தூங்குறேன்னு சொல்லு."

கணவரின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. இப்போதெல்லாம் அவர் சிரிப்பு அவ்வளவுதான்.

கழற்றிய டப்பாவோடு தம்பி வெளியே வந்தான். ஒரு முனையில் டார்ச்சை வைத்து மறுமுனையில் கண்ணைக் கொடுத்தான். பிறகு அவளிடம் நீட்டினான்.

"பாரு. உள்ள தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா தெரியணும். தெரியுதா? எல்லாம் சாம்பல். ஆயில் எரிஞ்ச சாம்பல். நான் மாத்தினப்பவும் இதே கதைதான். ஆயில் எங்கேர்ந்து வந்து எரியுதுன்னுதான் பிடிபடல. எஞ்சினைச் சோதிச்சுப் பார்த்தேன், ரிங் எல்லாம் நல்லா இருக்கு. பிளக் மாத்தினேன், சென்சார் மாத்தினேன்..."

பேசிக்கொண்டே பானெட்டைத் தூக்கி, ஆயில் அளக்கும் கம்பியை உருவினான். பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தான். அவன் புருவம் ஏறியது.

"என்னடா?"

"மேல் கோட்டையும் தாண்டி மூணு விரல் நிக்குது. ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஆயிலை வடிச்சிடுவோம், அதான் என் கண்ணுல படவே இல்ல. இவ்வளவு இருந்தா அது பொங்கி, காத்துக்குழாய் வழியா எஞ்சினுக்குள்ள போய் எரியும். டப்பா அடைக்காம என்ன செய்யும்? யாரு இதுல ஆயில் ஊத்துறது?"

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"நான்தான். ஞாயித்துக்கிழமை அரை டம்ளர்."

அது கணவரின் வேலை. பழைய எஞ்சின், வாரத்துக்கு அரை டம்ளர் குடிக்கும் என்பது அவர் கணக்கு. பதினைந்து வருடக் கணக்கு. உடம்பு முடியாமல்போன புதிதில் ஒருநாள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் குளிக்கப்போகும் நேரமாகப் பார்த்து அவளே ஊற்றினாள். அவரிடம் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து ஒவ்வொரு வேலையாக நழுவிக்கொண்டிருந்த சமயம் அது.

டீ கொண்டுவந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ ஊத்துறியா? அம்மா! என்னையில்ல ஊத்தச் சொன்னார் அப்பா! 'உங்கம்மாவுக்கு இடுப்பு வலி, அவளைக் குனிய விடாதே'ன்னு. சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் ஊத்திட்டுத்தான் செருப்பையே கழட்டுவேன்."

"ரெண்டு பேருக்கும் கம்பியை இழுத்துப் பார்க்கணும்னு தோணலையா?"

"அப்பா இழுத்து நான் பார்த்ததே இல்லையே மாமா. அரை டம்ளர்னா அரை டம்ளர்தான்."

"ஆக வாரத்துக்கு ஒரு டம்ளர்."

"ஒன்றரை" என்றது ஜன்னல்.

மூன்று பேரும் திரும்பினார்கள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் கணவரின் கண்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"போன மாசம்வரைக்கும் நானும் ஊத்தினேன். எழுந்து நடக்க முடிஞ்ச அன்னிக்கெல்லாம். இவளுக்கு ஆபீஸ் வேலை... மறந்துடுவாளேன்னு."

முதலில் வெடித்தது தம்பிதான். காரின்மேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தான். "தராசு இன்ஸ்பெக்டர் வீடு! இதுதான் தராசு இன்ஸ்பெக்டர் வீடு!" மகள் டீயைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கணவரின் மார்பு குலுங்கியது, இருமலாகியது. அவள் கையில் டார்ச்சோடு உள்ளே ஓடிப்போய் முதுகைத் தாங்கி, தண்ணீரில் நனைத்த துணியால் உதட்டை ஒற்றினாள். இருமல் அடங்கியதும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மாப்ள."

சிரிப்பு நின்றது. தம்பி ஜன்னலுக்கு அருகில் வந்தான்.

"சொல்லுங்க அத்தான்."

"உன் சாமான் நல்ல சாமான்தான்."

"அது எனக்குத் தெரியும்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "நானும் முதல்லயே கம்பியைப் பார்த்திருக்கணும்."

"ஆமா, பார்த்திருக்கணும்."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதர் கடைசிவரை அரைப் பங்கு தப்பைத்தான் எடுத்துக்கொள்வார்!

"வண்டியை ஓடவெச்சுக் காட்டு, மாப்ள."

"காட்டுறேன். புது டப்பா வேன்லயே இருக்கு. போன மாசமே வாங்கி வெச்சிட்டேன்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"உள்ள வாயேன்டா" என்றாள் அவள்.

"கையெல்லாம் ஆயில் அக்கா. முடிச்சிட்டு வந்து பக்கத்துலயே உட்கார்றேன்."

நண்பகல் தாண்டியும் வேலை நடந்தது. மகள் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கணவர் கண்ணை மூடியபடியே வெளியே கேட்ட ஓசைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆயில் வடியுது... எவ்வளவுன்னு அளக்கச் சொல்லு." "போல்ட் வழுக்குது பார்." அப்புறம் சொற்கள் குறைந்தன. மூன்று மணி வாக்கில், "நல்லா தூக்கம் வருது" என்றார். அவருடைய கை அவள் மடியில் இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை.

வெளியே பானெட் மூடும் சத்தம் கேட்டது. எஞ்சின் இரண்டு தடவை செருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு ஒரே சீராக ஓடியது.

"அத்தான்! கேக்குதா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பாதி திறந்திருந்த இமைகளை விரலால் மெல்ல இறக்கிவிட்டாள்.

"கேக்குதாம்டா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

வெளியே மகள் ஏதோ சொல்ல, தம்பி சிரித்தான். மிச்சமிருந்த ஆயில் எரிந்து, நீலப் புகை போர்ட்டிகோவில் மெல்லப் பரவியது. அவள் எழுந்து, புகை அவர்மேல் படாதபடி ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினாள்.