மாடிப்படித் திருப்பம்

பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. கீழ்முனையைத் தாங்கியிருந்த கிழவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீடு மாற்றுகிறவர்களுக்குப் பீரோவும் கட்டிலும் தூக்கியே தலை நரைத்த மனிதர். சொந்தப் பெண்டாட்டியின் சவப்பெட்டியை இறக்க வக்கில்லை.

தப்பு அவருடையதுதான். பெட்டிக்காரன் சொன்ன அளவை அவர் நம்பவில்லை. பலகையில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான் என்று சண்டை போட்டு அரை அடி கூட்டச் சொன்னார். படியை அளக்க மறந்துவிட்டார்.

கீழே வாசலில் அக்கம்பக்கத்தார் அண்ணாந்து நின்றார்கள். அவள் போகிற வழியில் எவனும் பல்லைக் காட்டிவிடக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

அவளுக்கோ சிரிப்பதற்கென்றே ஒரு படம் இருந்தது. பேச்சில்லாத காலத்துப் படம், கால்மணி நேரம்கூட ஓடாது. ரெண்டு பேர் மாடியிலிருந்து ஒரு குளியல் தொட்டியை இறக்கப் பார்ப்பார்கள். தொட்டிதான் அவர்களை இறக்கும். படுத்த படுக்கையான பிறகும் மகளின் செல்போனில் அதையே பார்த்தாள். தன் பிழைப்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று கிழவருக்கு வெகுநாள் சந்தேகம். போன வாரம் கேட்டேவிட்டார்.

“விழுறவனப் பாத்து என்னடி சிரிப்பு?”

“அவன விடுங்க, படத்த எடுத்தவரப் பாருங்க. விழுந்ததும் அடுத்த கூத்துக்கு ஓடல. அவன் எந்திரிச்சு, தூசி தட்டி, தொப்பிய மாட்டுற வரைக்கும் காத்திருக்காரு. மனுஷன் மேல மரியாதை உள்ளவரு.”

கூட உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள். வேலை கிடக்கிறது என்று எழுந்து போனார். வேலை ஒன்றும் கிடக்கவில்லை.

மேல்முனையில் மருமகன் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நசுங்கிக் காலை உருவினான். நாடா அவிழ்ந்திருந்த ஷூ கழன்று, படிபடியாய்த் தத்தி, வாசலில் போய்க் குப்புற விழுந்தது.

எல்லோரும் ஷூவையே பார்த்தார்கள். மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை.

“தெரியாம வந்துருச்சுப்பா.”

கிழவர் திட்டவில்லை. “பெட்டிய நேரா நிமித்துங்க” என்றார்.

நிமிர்த்தினார்கள். அவள் பாரம் மொத்தமும் அவர் தோளில் வந்து சாய்ந்தது. இனி ஒரு திருப்பு திருப்பினால் வழிதான். தூக்க வந்தவர்கள் அவசரப்பட்டார்கள். வெறுங்காலோடு வருவதாக மருமகனும் சொன்னான்.

“வேணாம் மாப்ள, மாட்டிக்கிட்டே வாங்க.”

ஷூ கைமாறிக் கைமாறி மேலே போயிற்று. கிழவர் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி, மருமகன் குனிந்து நாடாவை முடிந்து முடிக்கும்வரை நின்றார்.