அறுத்தெடுத்த முகம்

சனிக்கிழமை மத்தியானம், ரொக்ஸ்பரோ நகரில் இருந்த, பழைய சிலைகள் திருத்தும் பட்டறையின் பின்கதவை மார்செல் சம்மட்டியால் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். இமெல்டாவும், கல் தூக்கி வைக்க அவளுக்குத் துணையாக இருந்த அம்புறோஸும் மட்டுமே அங்கே இருந்தார்கள்.

அவன் எதற்கு வந்தான் என்று இமெல்டாவுக்கு உடனே விளங்கிவிட்டது. குவாத்தமாலாக் காட்டில் நிற்கும் பழைய மாயா கோயிலொன்றின் சுவரிலிருந்து கல்லறுக்கும் வாளால் அறுத்தெடுத்த சாமி முகம் மேசையில் கிடந்தது. அதைக் களவாக விற்க வந்தவன் மார்செல். பொலிஸ் அதைப் பறித்து, உதிரும் சுண்ணாம்புப் பூச்சை இறுக்கித் தரும்படி அவளிடம் கொடுத்திருந்தது. முகத்தின் பின்பக்க வெட்டு கோயில் சுவரோடு பொருந்தினால் மார்செலுக்குச் சிறைதான்.

"தங்கச்சி, நீ ஓடு!" அம்புறோஸ் குறுக்கே பாய்ந்தார்.

சம்மட்டி அவர் தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அடுத்த அடி முழங்காலில். அவர் விழுந்ததும் மார்செல் கல்லின் பக்கம் திரும்பினான். ஒரே அடியில் சாமியின் கிரீடம் தெறித்தது. நாலு மாதமாக ஊசியால் பசை ஏற்றி அவள் பிடித்துவைத்த பூச்சு பொடிப்பொடியாய்ப் பறந்தது.

இமெல்டா ஓடவில்லை. சுண்ணாம்புச் சாந்து வாளியைத் தூக்கி சாந்தை அவன் முகத்தில் வீசியடித்தாள்.

அவன் அலறிக்கொண்டு கண்மூடித்தனமாய் வீசிய சம்மட்டி அவள் கன்னத்தைக் கிழித்தது. அவள் மரச்சுத்தியலை எடுத்து அவன் மணிக்கட்டில் அடித்தாள். சம்மட்டி கீழே விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. கையில், விலாவில், முதுகில் அடித்தாள்.

"காணும், விடு தங்கச்சி! செத்துப்போவான்!"

தரையில் கிடந்த அம்புறோஸின் குரல் கேட்டுத்தான் அவள் கை நின்றது. மார்செலைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப் போய், அம்புலன்ஸ் வரும்வரை அவன் இமையைப் பிரித்துக் கண்களைக் கழுவினாள். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

கன்னத் தையல் ஆறிய பிறகு, உடைந்த சாமி முகத்தோடு அவளும் குவாத்தமாலா போனாள். கோயிலடியில் இருந்தே அம்புறோஸுக்குப் போன் எடுத்தாள்.

"பொருந்திச்சோ?"

"ஓம் அண்ணை. மயிரிழையும் விலகேல்லை."

மறுமுனையில் அவர் அழுவது கேட்டது.

வழக்கு நடந்தபோது இமெல்டா சாட்சி சொன்னாள். சம்மட்டி கைநழுவிய பிறகும் தான் அவனை அடித்ததை, ஒருவரும் கேட்காமலே சொன்னாள். மார்செலுக்கு நாலு வருடச் சிறை கிடைத்தது.